வரலாறு என்னுஞ் சொல்

வரலாறு என்னுஞ் சொல்லிலுள்ள 'ஆறு' நதியைக் குறிக்குமென்றும், காலம் நீர்போல் ஒழுகி வருதலின் நடந்தன கூறும் நூலுக்கு அப்பெயர் வாய்த்ததென்றும் உரைப்பார் சிலருளர். கேட்டற்கு இனிதாயினும் அவ்வுரை பொருந்தாது. 'வரல்' அல்லீற்றுத் தொழிற்பெயர். 'ஆறு' ஈண்டு வழி, வகை என்னும் பொருட்டு. 'வருமாறு', 'வந்தவாறு' என்புழி நதியைக் கருதுவார் ஒருவருமிலர். பதினோராந் திருமுறையுள் வைத்துப் போற்றப்படும் திருமுருகாற்றுப்படையின் பெயரிலும் ஆறு என்பது நெறியே. அந்நூல் முருகப்பெருமான்பால் வழிப்படுத்துகின்றதன்றி நீரிற் படுத்துகின்றதன்று!

ஆகவே வரலாறாவது ஒன்று வந்த வழி என்க. வடமொழியில் இதிகாசம் என்பது 'இதி ஹ ஆஸ' எனப் பிரிந்து, 'இவ்வாறே இருந்தது' எனத் துணிந்து கூறுவது. புராணம் பழமை குறித்தது. சரித்திரமோ இயங்குதல், ஒழுகுதல் என்னும் பொருளுடைய 'சர்' என்னும் வினையடியாற் பிறந்தது. நம் நாற்பாதங்களுள் முதலதாகிய சரியையும் அவ்வடியினதே. எனவே அடியார் சரிதம் என்புழி அவர்தம் ஒழுக்கமே முதற்கண் கருதப்படும்.

இவ்வேறுபாடு நோக்காது, 'பெரியபுராணம் புராணமாகலின் வரலாறன்று' எனத் தள்ளுவார் பெயரை மட்டுமே கண்டவராவர். வந்த வழி கூறுதலே வரலாறெனின், சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருத்தொண்டத்தொகை 11 திருப்பாட்டிற் சுருக்கி வைத்ததனை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுக்க, சேக்கிழார் பெருமான் விரித்தார் என்னும் அடைவினும் தெளிந்த வழி யாது? களவியலுரையும் நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாகத் தான் வந்த வழியைத் தானே கூறுதல் காண்க.

அற்றேல், வந்த வழி தெளிந்தமையானே நிகழ்ச்சி மெய்யாகுமோ எனின், ஆகாது. இவ்விடத்துச் சைவர் சிலரும் மிகைபடக் கூறுவர். முதல் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் சிறுத்தொண்டர், மெய்ப்பொருள் நாயனார் முதலியோர்க்குச் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவிக்கப்பட்டமையை உணர்த்துகின்றன. சேக்கிழார் பாடியது இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தென்பது வழக்கு. ஆகலின், அதற்கு நூறாண்டிற்கு முன்னரே அந்நாயன்மார் திருக்கோயிலில் வழிபடப்பெற்றனர் என்பது துணிபு. பிள்ளைக்கறி சமைத்த நிகழ்ச்சியை நேரிற் கண்டார் சான்று அக்கல்லில் இல்லை. ஆயினும் அடியார் பெருமை சேக்கிழார் புனைந்துகொண்டதென்பார் கூற்றை மறுத்தற்கு அக்கல்லே சாலும்.