42 சதுரங்களும் ஒரு கார்டுராய் குவில்ட்டும்

அமெரிக்காவில் குவில்ட் துணி விற்கிற கடைக்குள் போனால் 'சார்ம் பேக்' என்று ஒரு சின்னப் பொட்டலம் கண்ணில் படும். ஐந்துக்கு ஐந்து அங்குலத்தில் தொழிற்சாலையிலேயே வெட்டி அடுக்கிய பருத்தித் துணிச் சதுரங்கள். ஓரம் பிரியாமல் இருக்க நெளிநெளியாக வெட்டியிருப்பார்கள். மோடா கம்பெனிப் பொட்டலத்தில் வழக்கமாக 42 இருக்கும். சில வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையாகப் போயிருந்தபோது ஒன்று வாங்கி வந்தேன். எனக்குத் தைக்கத் தெரியாது. அதன் மேல் இருந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினேன்: 'ஸ்கிராப்பி'.

குவில்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் ஒரு துணி; மூன்றையும் சேர்த்து ஊடுருவித் தைத்த போர்வைதான் குவில்ட். மேல்துணியைப் பல துண்டுகளை இணைத்து உண்டாக்கினால் அது பேட்ச்வொர்க். தையலுக்கு எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஐந்து அங்குலச் சதுரம் தைத்து முடித்ததும் நாலரை அங்குலமாகிவிடும். 42 சதுரத்தையும் ஆறு பத்தி, ஏழு வரிசை என்று தைத்தால் 27-க்கு 31.5 அங்குலம். கைக்குழந்தைக்குப் போர்த்தலாம், அவ்வளவுதான்.

ஸ்கிராப் என்றால் மிச்சம். இந்தப் பொட்டலத்தில் இருப்பது எதனுடைய மிச்சம்? எதனுடையதும் இல்லை. ஒரே வடிவமைப்பாளர் ஒரே வரிசையாக வரைந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிற மாதிரி நிறம் பார்த்து அச்சடித்த துணிகள் அவை. மிச்சம் என்று ஒன்று விழுவதற்கு முன்பே மிச்சத்தின் தோற்றத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதுதான் என்னை உறுத்தியது. ஆனால் படிக்கப் படிக்க, நான் ஆரம்பித்த இடத்தில் நிற்க முடியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஷஃபிள் செய்தால் ஸ்கிராப்பி வருமா?

தொழில்புத்தி சும்மா இருக்காதே. 42 சதுரங்களையும் போட்டோ எடுத்து, அடுக்கு முறையைத் தற்செயலாகத் தருகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். திசையைக் கணக்கில் எடுக்காமலே 42 சதுரத்தை 42! வழிகளில் அடுக்கலாம், ஒன்றுக்குப் பின்னால் 51 இலக்கம் வரும் எண். (ஒரே துணி திரும்ப வருவதைக் கழித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.)

என் பொட்டலத்தில் 30 வகைத் துணி. அதில் 12 வகை இரண்டிரண்டு தடவை இருந்தது. ஆறுக்கு ஏழு கட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் 71. 42 சதுரத்தில் மொத்த ஜோடிகள் 861. ஆக ஒரே துணி அடுத்தடுத்து வந்து விழுகிற ஜோடிகளின் சராசரி எண்ணிக்கை 12 × 71 / 861. கிட்டத்தட்ட சரியாக ஒன்று. அதாவது மூன்று தடவை குலுக்கினால் ஏறக்குறைய இரண்டு தடவை குறைந்தது ஒரு இரட்டையாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். நீலமெல்லாம் ஒரு மூலையில் கூடிவிடுவது தனி.

பார்க்கிறவர்கள் இதை 'தற்செயல்' என்று சொல்ல மாட்டார்கள். 'தப்பு' என்பார்கள். குவில்ட் செய்முறைகளில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையும் அதுதான்: ஒரே துணி அடுத்தடுத்து வரக்கூடாது, அடர்நிறமும் வெளிர்நிறமும் பரவலாக இருக்கணும், ஒரு அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து எங்கே நிறம் திரள்கிறது என்று சரிசெய்யணும். ஆக ஸ்கிராப்பி என்பது குலுக்கல் இல்லை. அது சீராகப் பரப்புதல். கறாரான ஒரு விதி. விதிகளையும் புரோகிராமில் சேர்த்தேன். வந்த படம் குற்றம் சொல்ல முடியாததாக இருந்தது. இரண்டாவது முறை பார்க்கவும் தோன்றவில்லை.

பழைய காலம் சுத்தமா?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வாக்கியம் வரும்: 'அந்தக் காலத்தில் பெண்கள் உண்மையான மிச்சத்துணியில் தைத்தார்கள், இப்போது வியாபாரம் ஆகிவிட்டது.' நானும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரலாறு விடவில்லை.

'சார்ம்' என்ற பெயரே 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பரவிய சார்ம் குவில்ட்டிலிருந்து வந்தது. ஒரே வடிவம் நூற்றுக்கணக்கில் திரும்ப வரும். ஆனால் எந்த இரண்டு துண்டும் ஒரே துணியாக இருக்கக்கூடாது. அதற்காகத் தோழிகளிடமும் சொந்தக்காரர்களிடமும் துண்டு கேட்டு, மாற்றிக்கொண்டு சேர்த்தார்கள். வறுமைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அது சேகரிப்பு விளையாட்டு, தபால்தலை சேர்க்கிற மாதிரி. துண்டுகளை இணைத்தது போலவே அச்சடித்த ஏமாற்றுத் துணிகூட 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1930-களில் வெட்டித் தயாராக்கிய துண்டுகளோடு குவில்ட் கிட்கள் விற்பனைக்கு வந்தன. அதே பத்தாண்டில்தான் ஒரு அங்குலம் சொச்சமே இருக்கும் சதுரங்களை ஆயிரக்கணக்கில் இணைத்த 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்' குவில்ட்களும் பிரபலமாக இருந்தன. தீவனமும் மாவும் வந்த பருத்திச் சாக்குகளையே பூப்போட்டு அச்சடித்து விற்ற காலம் அது. அப்போதும் நிஜமான மிச்சமும் கடையில் வாங்கிய மிச்சமும் ஒரே வீட்டில், ஒரே பெட்டியில்தான் கிடந்தன.

அப்படியானால் என் உறுத்தலுக்கு அர்த்தம் உண்டா? துணி எங்கிருந்து வந்தது என்பது பிரச்சினை இல்லை என்றால், வேறு எது?

ஜீஸ் பெண்ட்

இதற்குப் பதில் தேடப் போய்த்தான் அலபாமா நதியின் வளைவில் மாட்டிக்கொண்டேன். ஜீஸ் பெண்ட் என்பது வில்காக்ஸ் மாவட்டத்தில் மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த சிற்றூர். பருத்தித் தோட்ட அடிமைகளின் வாரிசுகள் வாழும் ஊர். அங்கே ஏராளமானோருக்கு இன்றும் பெட்வே என்பதுதான் குடும்பப் பெயர். அது அடிமைகளை வைத்திருந்த முதலாளியின் பெயர். 1962-ல், கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய மாவட்டத் தலைநகர் கேம்டனுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. அது திரும்ப வந்தது 2006-ல். இடைப்பட்ட 44 வருஷம், எதிர்க்கரையில் தெரிகிற ஊருக்குச் சாலைவழியாக ஒரு மணி நேரம் சுற்றித்தான் போகணும்.

இந்த ஊர்ப் பெண்கள் தைத்த குவில்ட்கள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. அவற்றில் இரண்டு வகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, 1942-ல் மிசூரி பெட்வே தைத்தது. கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து, பட்டைகளாகவும் கட்டங்களாகவும் இணைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்வதற்காக அம்மா தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்பாடு சொல்லியிருக்கிறார். வெளுத்த நீலமும் சாம்பலும். இங்கே துணி எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லாமே. இதை யாராலும் பொட்டலம் போட முடியாது.

ஆனால் இரண்டாவது வகைதான் என்னை மாற்றியது. 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள், பிரான்சிஸ் எக்ஸ். வால்ட்டர் என்ற பாதிரியாரின் உதவியோடு, ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் பெரிய கடைகளுக்கு அவர்களின் குவில்ட்கள் போயின. கடைக்காரர் கேட்கிற அளவு, கேட்கிற வடிவம், பிசகாத தையல். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கார்டுராய் என்பது வரிவரியாக மேடு தெரிகிற தடித்த துணி. தங்கமஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று அந்தக் காலத்து அமெரிக்க வரவேற்பறையின் நிறங்கள். உறை வெட்டிய மிச்சம் வீடுகளுக்குப் போயிற்று. அந்த மிச்சத்தில் தைத்ததுதான் இன்று அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிற கார்டுராய் குவில்ட்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் தேர்ந்தெடுத்த நிறங்கள். ஒரே தரத் துணி. சீசனுக்கு ஏற்ற வண்ணக் கூட்டு. என் சார்ம் பேக்கைப் பற்றி நான் சொன்ன எல்லாக் குற்றச்சாட்டும் அந்தத் துணிக்கும் பொருந்தும். அந்தப் பகுதிப் பெண்களின் கைகள் பகலில் ஒன்று போல இன்னொன்றாக உறைகளைத் தைத்தன. வீட்டில் அதே துணியில், சட்டங்களுக்குள் சட்டமாகப் போகிற 'ஹவுஸ்டாப்' வடிவத்தை எடுத்து, ஒரு பக்கம் தடிமனாக்கி, ஒரு மூலையை இழுத்துவிட்டு, பச்சை தீர்ந்த இடத்தில் சிவப்பை வைத்துத் தைத்தன. துணி மாறவில்லை. முடிவு எடுக்கிற ஆள் மாறிவிட்டார்.

விமர்சகர்களிடம் எனக்குள்ள வழக்கு

2002 கண்காட்சிக்கு வந்த பாராட்டு சாதாரணமானது இல்லை. நியூயார்க் டைம்ஸில் மைக்கேல் கிம்மல்மன், அமெரிக்கா உருவாக்கிய நவீனக் கலையின் அதிசயங்களில் இவற்றைச் சேர்த்தார். மத்தீஸையும் பால் க்ளேயையும் ஒப்பிட்டார். அந்தப் பாராட்டு கதவுகளைத் திறந்தது, மறுக்கவில்லை. 2006-ல் இந்தக் குவில்ட்கள் தபால்தலையாகவும் வந்தன. ஆனால் ஒப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கு. மத்தீஸ் காகிதம் வெட்டினால் அது தீர்மானம். இவர்கள் துணி வெட்டினால் அது தீர்மானம் போலத் தெரிகிற ஆச்சரியம் என்றாகிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்து வாதமும் அதே இடத்துக்குத்தான் வருகிறது: 'இல்லாமையிலிருந்து பிறந்த அழகு.' அந்த இல்லாமை உண்மை. போர்த்த வேறு ஒன்றும் கிடையாது, சுவரில் காற்று புகும் வீடுகள். ஆனால் துணி பற்றாததால் நிறம் மாறியது என்று மட்டும் சொன்னால், எந்த இடத்தில் மாறணும் என்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி காணாமல் போகிறது. பற்றாக்குறை எந்தத் துணியை எங்கே வைக்கணும் என்று சொல்லித் தராது. இது வெறும் ரசனைத் தகராறு இல்லை. ஒரு வடிவம் தானாக முளைத்தது என்றால் அதற்கு உரிமையாளர் யாரும் இல்லை. தீர்மானம் என்றால் உண்டு. 2007-ல் இந்த ஊர்க் குவில்ட் கலைஞர்கள் மூன்று பேர் தங்கள் படைப்புகளின் உரிமை, வருமானம் தொடர்பாக வழக்குப் போட்டார்கள். 2008-ல் அது சமரசத்தில் முடிந்தது. விமர்சன மொழியும் இந்தக் கேள்வியும் ரொம்ப தூரத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

இதற்கு நல்ல மாற்று உதாரணம் ரோஸி லீ டாம்ப்கின்ஸ். அது புனைபெயர், தனிமையை விரும்பியவர். அர்கன்ஸாவில் 1936-ல் பிறந்து, கலிபோர்னியாவின் ரிச்மண்டில் நோயாளிகளைப் பராமரிக்கிற வேலை பார்த்து, 2006-ல் இறந்தவர். வெல்வெட்டை விரும்பித் தேடித் தைத்தார். அவருடைய சதுரங்கள் ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இருக்காது. சின்னதாக ஆரம்பித்துப் பெரிதாகும், வரிசை சாயும், திடீரென்று ஒரு கட்டத்துக்குள் இன்னும் நாலு கட்டம் இருக்கும். ஓக்லண்டில் இருந்த சேகரிப்பாளர் எலை லியோன் சேர்த்து வைத்த சுமார் 3,000 குவில்ட்கள் அவர் இறந்த பிறகு பெர்க்லி கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. அதில் டாம்ப்கின்ஸின் வேலை கணிசமான பகுதி. 2020-ல் அங்கே அவருக்குத் தனிக் கண்காட்சியும் நடந்தது. கடவுள்தான் தன் கையை நடத்துகிறார் என்று நம்பியவர் அவர். அதை அப்படியே மதிக்கலாம். ஆனால் நடந்தது கைதான். அந்தக் கை அளவுகோலை வேண்டாம் என்றது.

திரும்பவும் பொட்டலம்

இப்போது என் உறுத்தலைத் திருத்தி எழுத முடியும். முன்கூட்டி வெட்டிய சதுரம் போலி என்பது சரியான குற்றச்சாட்டு இல்லை. அது ஒரு தீர்மானத்தை, அளவு என்கிற தீர்மானத்தை, நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு நேரத்தைத் தருகிறது. வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணி நேரம் கிடைக்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. எதை எதன் பக்கத்தில் வைப்பது என்ற தீர்மானம் இன்னும் அவரிடமே இருக்கிறது. அதையும் 'சமமாகப் பரப்பு' என்ற விதியிடம் கொடுத்துவிட்டால்தான் மிச்சம் ஒன்றும் இல்லை. என் புரோகிராம் செய்தது அதைத்தான். குற்றவாளி பொட்டலம் போட்ட கம்பெனி இல்லை, நான்தான்.

புரோகிராமை மூடிவிட்டு, சதுரங்களைத் தரையில் பரப்பி இரண்டு சாயங்காலம் நகர்த்தினேன். ஒரே துணி இரண்டை வேண்டுமென்றே ஒட்டவைத்தேன். அடர்நீலம் நாலையும் இடது ஓரத்தில் கீழே இறக்கினேன். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். தெரு டெய்லரிடம் எண் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு சதுரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழுத் துணியா இருந்ததை ஏன் சார் வெட்டினாங்க?" என்று கேட்டார். நாலு மாதப் படிப்பில் நான் வந்து சேர்ந்த கேள்வியில் பாதி அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாலாவது வரிசையில் ஒட்டி நின்ற இரட்டையைத் தப்பென்று நினைத்து அவரே பிரித்து மாற்றித் தைத்துவிட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பிரித்துத் தைக்கச் சொல்லவில்லை. இப்போது அந்தப் போர்வையில் அவர் தீர்மானமும் ஒன்று இருக்கிறது.