மஞ்சள் சட்டையும் தோட்டத்து அப்பாக்களும்

2009 நவம்பர் 7ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் நெகிரி செம்பிலான் அணி கிளந்தானை 3-1 என்று தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அதற்கு முன் அந்தக் கிண்ணம் சிரம்பானுக்கு வந்தது 1948இல், அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட அதே வருஷத்தில். இடையில் 61 வருஷம். தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில் வென்ற அணி, பேரன் கையில் கைப்பேசி வந்த காலத்தில்தான் அதை மறுபடி வென்றது. நடுவில் இருந்த அப்பாக்கள் எதைப் பார்த்து அந்த அணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? வீடு வாசல், நகை நட்டு என்று எழுதிவைக்க எதுவுமே இல்லாத அந்த மனிதர்கள் இதை மட்டும் எப்படி மகனுக்கு எழுதிவைத்தார்கள்?

பந்துதான் தோட்டத்துப் பையன்களைக் கெடுத்தது என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கள்ளுக்கடைக்கு அடுத்தபடியாகத் திடலைத்தான் அவர்கள் குற்றம் சொல்வார்கள். அந்தக் குற்றச்சாட்டை அப்படியே தள்ளிவிட முடியாது, பின்னால் வருகிறேன். முதலில் திடலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

ரந்தாவ் பக்கம் லின்சம், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பாகாவ் பக்கம் ஜெராம் பாடாங், கெடிஸ், கெமென்சே அருகே ரீஜண்ட் என்று நெகிரி முழுக்கத் தோட்டங்கள். பெரிய தோட்டம் என்றால் லயம், கோயில், ஆயக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, இவற்றோடு ஒரு திடலும் இருக்கும். துரைமார் அதற்கு இடம் விட்டது தருமத்துக்காக என்று நான் நம்பவில்லை. சாயங்காலம் பந்துக்குப் பின்னால் ஓடிக் களைத்தவன் சங்கக் கூட்டத்துக்குப் போகமாட்டான் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆனால் துரை போட்ட கணக்கில் வராத ஒன்று அங்கே நடந்தது.

விடிவதற்கு முன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அப்பா கைகட்டி நிற்பார். மண்டோர் ஏசினால் மறுபேச்சு கிடையாது. அதைப் பார்த்தேதான் மகன் வளர்கிறான். அதே அப்பா சாயங்காலம் வெறுங்காலோடு திடலில் இறங்கி, காலையில் தன்னை ஏசிய மண்டோரின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் எடுத்துக்கொள்வார். திடலோரம் உட்கார்ந்திருக்கும் லயத்து ஜனம் சிரிக்கும். மண்டோரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு அந்தச் சிரிப்பு என்னவாகக் கேட்டிருக்கும்? அப்பாவைக் கூலியாளாக இல்லாமல் வேறொருவராக அவன் பார்ப்பது அப்போதுதான்.

அப்பனையும் மகனையும் சேர்த்துக் கட்டியது அணி என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்தக் கட்டை முதலில் போட்டது இந்த இடம்தான் என்பது என் கட்சி. தோட்டத்து அணி மாநில அணிக்கு ஆள் அனுப்பியது. மாநில அணி தேசிய அணிக்கு அனுப்பியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எம்.சந்திரன் போன்றவர்கள் ஆடியபோது, 'நம்ம திடலிலும் இப்படி ஒருத்தன் இருக்கிறான்' என்று ஒவ்வொரு தோட்டமும் சொல்லிக்கொள்ள முடிந்தது. மேலே இருந்த அணிக்கும் கீழே இருந்த திடலுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான் இருந்தது. அந்தத் தூரம் கூடக் கூட அப்பா-மகன் கட்டும் தளர்ந்தது. இந்தப் பழக்கத்தின் நல்லதையும் கெட்டதையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சிரம்பான் பாரோயில் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் தொண்ணூறுகளில் வந்தது. பாகாவிலிருந்து ஆட்டம் பார்க்கப் போவதென்றால் ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளில் அப்பா முன்னே, மகன் பின்னே. கோலாப்பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் வளைவுகளில் இறங்கினால் பாரோய். வழியில் மழை பிடித்தால் பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்பார்கள். அந்த நிறுத்தத்தில், கச்சான் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டு, இருவரும் பேசியது வீட்டில் ஒரு மாதம் பேசியதைவிட அதிகமாக இருக்கும். நம் குடும்பங்களில் அப்பாவுக்கும் தலையெடுத்த மகனுக்கும் இடையே பேச்சு அம்மா வழியாகத்தான் போய்வரும். 'அப்பாகிட்ட சொல்லும்மா' என்பான் அவன்; 'அவன்கிட்ட சொல்லிவை' என்பார் இவர். பந்துக்கு மட்டும் தூது வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, அப்பா சொன்னதை மகன் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச உரிமை உள்ள ஒரே விஷயமும் அதுதான். 'அந்த ஆளை ஏன் இறக்கினான்?' என்று அப்பா கேட்க, 'உங்களுக்குத் தெரியாதுப்பா' என்று பதினைந்து வயதுப் பையன் சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பிக்கிறான். தோட்டத்து வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்த நேர்வழியில் போய்வந்த சரக்கு என்ன? மகன் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியது அதில் வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது வரவில்லை. தோட்டத்தை விற்கப்போகிறார்கள், லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற செய்தியும் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க, 'நேத்து ஆட்டம் பார்த்தியா' என்பது வசதியான மறைப்பாகவும் இருந்தது. நிக் ஹார்ன்பி 1992இல் எழுதிய 'ஃபீவர் பிட்ச்' நூலில், பெற்றோர் பிரிந்த பிறகு அப்பா பையனை ஆர்சனல் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகிறார். ஒரே வீடு இல்லாமல் போன இருவருக்கு அரங்கம் ஒரு வீடாகிறது. நம் ஆட்களுக்கு வீடு ஒன்றுதான், அதுவும் இரண்டே அறை. அப்படியும் பேச்சுக்குப் பந்து தேவைப்பட்டது என்றால், பெருமைப்படுவதற்கு முன் கொஞ்சம் கவலையும் படலாம்.

அரங்கம் கொடுத்த இன்னொரு நன்மையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. விழுக்காட்டுக் கணக்கில் நாட்டிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் மாநிலம் நெகிரி செம்பிலான். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். இந்த மாநிலம் நம்முடையதும்தான் என்று தோட்டத்துப் பையன் வாய்விட்டுச் சொல்லக் கிடைத்த இடங்கள் குறைவு. பாரோயில் 'ஹொபின் ஜாங் ஹொபின்' என்று நெகிரி மலாயில் கூட்டத்தோடு கூட்டமாக அவன் கத்தும்போது அடையாள அட்டையை யாரும் கேட்பதில்லை. 2009இலும் 2011இலும் கிண்ணம் வென்ற காலத்து அணியில் எஸ்.குணாளன் இருந்தார். கே.தேவன் பயிற்றுநராக நின்ற அணி 2021இல் பிரிமியர் லீக்கை வென்று மேலே ஏறி, மறுவருஷம் சூப்பர் லீக்கில் 4ஆம் இடம் பிடித்தது. 'நம்ம ஆளு' என்று மகனின் தோளில் அப்பா கைவைத்துச் சொல்வதில், எந்த மேடைப் பேச்சிலும் இல்லாத பலம் உண்டு.

அந்தச் சொந்தம் தொண்ணூறு நிமிஷச் சொந்தம் என்பதும் உண்மை. நம் பையன் ஒருவன் திறந்த கோல்முனையில் தவறவிட்டால், அதே கூட்டத்திலிருந்து எப்போதாவது எந்த வார்த்தை பறந்து வரும் என்பது அரங்குக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அப்போது அப்பா மகன் பக்கம் திரும்பாமல் திடலையே பார்த்துக்கொண்டிருப்பார். வீடு திரும்பும் வழியிலும் அதைப் பற்றிப் பேச்சு வராது. சகித்துக்கொள்வது எப்படி என்பதையும் அரங்கம்தான் சொல்லிக்கொடுத்தது. அதை நன்மைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் நமக்கென்றே ஓர் அணி இருந்திருந்தால்? இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பிறகு அது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019இல் சூப்பர் லீக்குக்குப் போனது. 2022 பருவத்தோடு கடையைக் கட்டிவிட்டது. நம் பையன்கள் பலருக்கு அது வாய்ப்புக் கொடுத்தது, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பாரோய்க்குப் போன அப்பாக்கள் அதைத் தங்கள் அணி என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆதரவு இரத்தத்தைப் பார்த்துப் போகும் என்று கணக்குப் போட்டால் ஏமாறுவோம். அது மண்ணைப் பார்த்துத்தான் போகிறது. பெட்டாலிங் ஜெயாவில் நெகிரிக்காரனுக்கு என்ன மண்?

அந்த மண்ணே காலடியிலிருந்து போனதுதான் அடுத்த கதை. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்த இந்தியர்கள் 3 இலட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. நெகிரியில் சிரம்பானும் நீலாயும் தோட்டங்களைத் தின்றுதான் வளர்ந்தன. லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த அப்பாவிடம் திடல் இல்லை, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி இருந்தது. மகன் லிவர்பூல் என்றால் லிவர்பூல், யுனைடெட் என்றால் யுனைடெட். மாமாக் கடையில் பெரிய திரைக்கு முன்னால் தே தாரிக்கோடு இருவரும் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வாரம் ஒரு முறையாவது அப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறான் என்றால், அது சாலா போட்ட கோலைப் பற்றியதாகவே இருந்தாலும் அனுப்பட்டும்.

ஆனால் இந்த உறவில் அப்பா யார்? திடலில் அவர் ஆட்டக்காரர். பாரோயில் அவர் ஊர்க்காரர். திரைக்கு முன்னால் மகனைப் போலவே சந்தா கட்டும் வாடிக்கையாளர். மகன் அண்ணாந்து பார்க்க அங்கே அவரிடம் ஒன்றுமில்லை. ஆட்டக்காரர் பட்டியல், விலை, மாற்றச் செய்தி எல்லாம் மகனுக்குத்தான் முதலில் தெரிகிறது. மேலே நான் மெச்சிய அந்த 'உங்களுக்குத் தெரியாதுப்பா' இங்கே வெறும் உண்மையாகிவிடுகிறது.

திரையோடு சேர்ந்து வந்தது பந்தயம். இதைப் பூசி மெழுகிப் பேசுவதில் அர்த்தமில்லை. உள்ளூர் ஆட்டம் 1994ஆம் ஆண்டு ஊழலில் நாறியபோது 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் விலக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அப்போது மனம் கசந்து அரங்கை விட்டுப் போன அப்பாக்கள் பலர் ஆங்கில ஆட்டத்துக்குத் திரும்பியதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே காத்திருந்தது ஏஜெண்டின் தொலைபேசி எண். சனிக்கிழமை இரவு எந்த அணி எத்தனை கோலில் வெல்லும் என்பது திங்கட்கிழமை பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தீர்மானித்த வீடுகள் உண்டு. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதற்குக் காரணம் ஊர் பேர் தெரியாத ஒரு கோல்காவலர். பாசமாகத் தொடங்கிய பழக்கம் பந்தயத்தில் முடிந்த இடத்தில், மகனும் அதையேதான் கற்றுக்கொண்டான். பந்து கெடுத்தது என்று சொல்கிற பெரியவர்களுக்கு இந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு இன்றும் புரியாத முரண் ஒன்று உண்டு. தொண்டை கட்டும் வரை மாநில அணிக்காகக் கத்திய அதே அப்பா, மகன் காலணி வாங்கக் காசு கேட்டால், 'பந்து சோறு போடுமா?' என்பார். அவர் பயம் நியாயமானது. சம்பள பாக்கி வைக்கும் சங்கங்கள் நிறைந்த நாடு இது. ஆனால் ரசிக்கத் தகுந்தது விளையாடத் தகாதது என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்ததில், நெகிரித் தோட்டங்களிலிருந்து வந்திருக்க வேண்டிய ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் பார்வையாளர்களாகவே நின்றுவிட்டார்கள்?

மகள்களைப் பற்றி இதுவரை நான் ஒரு வரியும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் பழக்கமும் எழுதவில்லை. ஹோண்டா கப்பின் பின்னிருக்கை ஒன்றுதான். அது எப்போதும் தம்பிக்குத்தான் போனது. ஆட்ட விதியை அண்ணனைவிடச் சரியாகச் சொல்லும் அக்காள்கள் சமையலறைச் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்தது முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில். அந்நகரைக் கட்டிய மேட்ரிக்ஸ் நிறுவனத்தின் பெயரை மாநில அணி பல பருவங்கள் சட்டையில் தாங்கி ஆடியது. அதில் குற்றம் ஏதுமில்லை. பணம் இல்லாமல் அணி ஓடாது. ஆனால் மகனுக்கு அந்த மஞ்சள் சட்டையை வாங்கிக்கொடுக்கும் முன்னாள் தோட்டத்து அப்பா, நெஞ்சில் எழுதியிருப்பதை வாசித்துப் பார்த்தால் நல்லது.

மொத்தத்தில் மாநில அணிக்கான ஆதரவு, குறைகள் அத்தனையோடும், காப்பாற்றத் தகுந்தது. திரை ஆதரவு பொழுதுபோக்கு. அதற்கு மேல் அதற்கு மரியாதை வேண்டாம். பந்தயத்துக்கு மன்னிப்பே வேண்டாம். தொலைந்த திடல்தான் பெரிய நட்டம். இடிக்கப்பட்ட தோட்டங்களின் மக்கள் நடத்தும் ஒன்றுகூடல்களில் இன்னும் ஒன்பதின்மர் ஆட்டமும் மூத்தோர் ஆட்டமும் வைக்கிறார்கள். தொந்தி விழுந்த அப்பா அங்கே ஐந்து நிமிஷம் ஓடினாலும் போதும், பையன் பார்ப்பான். மீதி நாளுக்கு வழி வீட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீடமைப்புத் திட்டத்தில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளிக்கு என்பது நகரத் திட்டமிடல் நெறி. உங்கள் தாமானில் அந்த நிலம் எங்கே இருக்கிறது, அதில் பந்தாட விடுகிறார்களா என்று சிரம்பான் மாநகர் மன்றத்துக்குப் போய்க் கேளுங்கள். போகும்போது மகனைக் கூட்டிப் போங்கள், மகளையும்.