அறுவர் அணியின் லட்சணம்

போக்கிமான் என்னும் விளையாட்டு 1996-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக வெளிவந்தபோது, வயல்வெளிகளில் பூச்சி பிடித்துத் திரிந்த தம் பால்ய காலத்து இன்பத்தை நகரத்துக் குழந்தைகளுக்கும் அளிக்க வேண்டும் என்பதே அதனைப் படைத்த சதோஷி தஜிரியின் விருப்பமாக இருந்தது. அந்த எளிய விருப்பத்திலிருந்து கிளைத்த போட்டிக் கலை, இன்று பல தேசத்து ஆட்டக்காரர்களும் பயின்று, தனக்கென்று சம்பிரதாயங்களையும் பிரமாணங்களையும் வகுத்துக்கொண்ட ஒரு வித்தையாக வளர்ந்திருக்கிறது. இந்த வித்தையின் பெரும்பகுதி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே, அணியை அமைக்கும் வேளையிலேயே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆதலால் நல்ல அணிக்கு லட்சணம் யாது என்ற வினாவை, அதன் பல்வேறு மரபுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்து ஆராய்வது பயனுடைய காரியம் என்று கருதுகிறேன்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். வி.ஜி.சி. என்று வழங்கும் அதிகாரபூர்வமான போட்டியில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் போக்கிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களில் ஆறைப் பதிவு செய்கிறார். எதிராளியின் ஆறையும் பார்த்தபின், 90 விநாடிக்குள் தம் ஆறிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் பக்கத்துக்கு இரண்டாக அவை நின்று பொருதும். எல்லாம் 50-ஆம் லெவலில் நிற்கும்; ஒவ்வொன்றுக்கும் மூவ் எனப்படும் செயல்கள் நான்கே உண்டு; ஒரே இனம் அணியில் இருமுறை வரலாகாது; ஐட்டம் எனப்படும் துணைப்பொருள் ஒன்றையே இரண்டு போக்கிமான்கள் வைத்திருத்தலும் ஆகாது. நெருப்பு, நீர், புல், எஃகு, தேவதை என்று 18 டைப்கள் ஒன்றையொன்று வென்றும் ஒன்றுக்கொன்று தோற்றும் நிற்கின்றன. இருவர் இருவராகப் பொருதும் டபுள்ஸ் முறை 2002-இல் ரூபி, சஃபயர் விளையாட்டுகளோடு வந்தது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் இயல்பாய் அமைந்த விசேஷ சக்தியான அபிலிட்டியும், குணத்துக்கேற்ப ஒரு திறனைப் பத்து சதவீதம் உயர்த்தி மற்றொன்றைப் பத்து சதவீதம் தாழ்த்தும் நேச்சரும் அவற்றோடேயே வந்தன. இக்காலத்து அணியமைப்புக்கு அஸ்திவாரம் இட்டவை அவையே எனலாம்.

சம்பிரதாயங்களில் முதற்பிரிவு, ஒருவரோடு ஒருவர் பொருதும் சிங்கிள்ஸ் என்றும், இருவர் இருவராகப் பொருதும் டபுள்ஸ் என்றும் அமைவது. சிங்கிள்ஸை 2004-ஆம் ஆண்டு முதல் ஸ்மோகன் என்னும் ஆட்டக்காரர் சமூகம் வளர்த்து வந்திருக்கிறது. ஆறு போக்கிமான்களும் களத்துக்கு வரும் அந்த முறையில் ஆட்டம் நீண்டது. தாக்குதலையே நம்பும் அணி, காத்து நின்று எதிராளியைத் தேய்க்கும் ஸ்டால் அணி, இரண்டையும் சமன்செய்யும் அணி என மூன்று போக்குகள் அங்கே வேரூன்றியுள்ளன. களத்தில் நுழையும் ஒவ்வொன்றையும் குத்தும் ஸ்டெல்த் ராக் என்ற ஒரே மூவ், நெருப்பும் பறத்தலும் கலந்த சாரிஸார்டின் உயிரில் பாதியை நுழையும்போதெல்லாம் பறித்துவிடுவதால், அந்தக் கற்களை இடுவதும் அகற்றுவதும் சிங்கிள்ஸ் அணியின் நித்திய கர்மங்களாகிவிட்டன. பயன்பாட்டின் அளவைக் கொண்டு போக்கிமான்களை அடுக்குகளாகப் பிரித்தும், மழையைத் தானே வருவிக்கும் டிரிஸ்ஸில் அபிலிட்டியும் மழையில் வேகம் இரட்டிக்கும் ஸ்விஃப்ட் ஸ்விம் அபிலிட்டியும் ஒரே அணியில் சேர்வதை 2011-இல் தடைசெய்தும், விவாதித்து வாக்களித்துச் சட்டம் இயற்றிக்கொண்ட சமூகம் அது. ஜப்பானிலோ ஆறில் மூன்றைத் தேர்ந்து ஆடும் சிங்கிள்ஸ் முறைக்கே செல்வாக்கு மிகுதி.

டபுள்ஸுக்குள் வந்தால் நான்கு மரபுகளைத் தெளிவாகக் காணலாம். முதலாவது, தனித்தனியே வல்லமை பொருந்திய ஆறு போக்கிமான்களைச் சேர்த்து, எந்த நான்கை எடுத்தாலும் ஆட்டம் நடத்தக்கூடியதாக அமைக்கும் குட்ஸ்டஃப் மரபு. எதிராளியைக் கண்டபின் உருமாறும் சௌகரியம் இதற்கு உண்டெனினும், ஒரே திசையில் குவிந்த வேகம் இதற்கு இராது. இரண்டாவது வானிலை மரபு. மழையில் நீர் மூவ்களின் வலிமை ஒன்றரை மடங்காகும். வெயிலில் நெருப்பு மூவ்களுக்கும் அவ்வாறே. 2013-க்கு முன்பு அபிலிட்டியால் வந்த மழை, வேறொரு வானிலை வந்து மாற்றும் வரையில் நீடித்தது. அதன்பின் ஐந்து டர்ன்களில், அதாவது சுற்றுகளில், ஓய்ந்துவிடுவதால், எப்போது மழையை வருவிப்பது என்ற கால ஞானமே இம்மரபின் சாரமாயிற்று.

மூன்றாவது ட்ரிக் ரூம் மரபு; இது என் உள்ளத்துக்கு மிகவும் உகந்தது. 2006-இல் தோன்றிய அந்த மூவ் பலித்துவிட்டால், வேகம் குறைந்தவையே முந்திக்கொள்ளும். டோர்கோல் என்னும் ஆமையின் அடிப்படை வேகம் 20 மட்டுமே. அதனை மேலும் மந்தமாக்க வேகத்தைத் தாழ்த்தும் நேச்சரைத் தேடிக் கொடுப்பார்கள். தான் கொணரும் வெயிலில், உயிர் குறையாமல் இருக்கும்வரை 150 வலிமையுள்ள இரப்ஷனை எதிரிகள் இருவர்மீதும் ஒருங்கே பொழியும் அந்த ஆமை, ட்ரிக் ரூமில் களத்தின் அதிபதியாகிவிடும். ஆனால் ஐந்து டர்ன்களில் ஒன்று அந்த மூவைப் பிரயோகிப்பதிலேயே கழிந்துவிடுவதால், கைக்கு எஞ்சுவன நான்கே. அந்த நான்கையும் எதிராளி அடியைத் தடுக்கும் ப்ரொடெக்டாலும் திகைக்க வைக்கும் ஃபேக் அவுட்டாலும் வீணாக்க முயல்வான் என்பதை எண்ணியே இம்மரபின் அணியை அமைத்தல் வேண்டும். நான்காவது மரபு, எதிராளியைக் களத்தைவிட்டு விலகவொட்டாமல் ஷேடோ டேக் அபிலிட்டியால் கட்டி, குறித்த டர்ன்களுக்குப் பின் உயிர் பறிக்கும் பெரிஷ் சாங்கால் கணக்கிட்டு வீழ்த்தும் சிறை மரபு. பயில்வோர் சிலரேயாயினும், அவர்கள் பெரும்பாலும் கூரிய கணக்காளர்கள்.

மரபு எதுவாயினும் பிரமாணங்கள் பொதுவானவை. அவற்றுள் தலையாயது வேகத்தின்மீது ஆட்சி. நான்கு டர்ன்களுக்குத் தன் பக்கத்தின் வேகத்தை இரட்டிக்கும் டெயில்விண்டோ, எதிரிகள் இருவரையும் மந்தமாக்கும் ஐஸி விண்டோ, ட்ரிக் ரூமோ, ஏதேனும் ஒரு வழி அணிக்குள் இருந்தே தீர வேண்டும்; முந்துவது யார் என்பதை எதிராளியின் கையில் விட்டுவிட்ட அணி எத்தனை வலியதாயினும் பராதீனமானது. இரண்டாவது பிரமாணம் பரஸ்பர ரட்சணம்: ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று தாங்க வேண்டும். நுழைந்தவுடன் எதிரிகளின் தாக்குதலைத் தாழ்த்தும் இண்டிமிடேட், அடியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் ஃபாலோ மீ, முதல் டர்னில் எதிரியைத் திகைக்க வைக்கும் ஃபேக் அவுட் ஆகியவற்றைத் தாங்கி வருபவை, கச்சேரியில் பக்கவாத்தியம் போல, தாம் ஒதுங்கி நின்று பிறரைச் சிறக்கச் செய்பவை. இன்சினரோர் என்னும் நெருப்புப் புலி பல ஆண்டுகளாகப் பெரும்பாலான அணிகளில் இடம்பெற்றதற்கு, இத்தகைய சேவைகளில் பலவும் அதனிடம் ஒருங்கே அமைந்திருப்பதே காரணம்.

மூன்றாவது பிரமாணம் கணக்கு. ஒரு போக்கிமானுக்குப் பயிற்சியால் பகிர்ந்தளிக்கக் கிடைக்கும் ஈ.வி. புள்ளிகள் 510; ஒரு திறனுக்கு உச்ச வரம்பு 252. தாக்குதலிலும் வேகத்திலும் 252 வீதம் இட்டுவிடுவது ஆரம்ப மாணாக்கர் வழக்கம். தேர்ந்தவரோ, இன்ன எதிரியின் இன்ன மூவை ஒருமுறை தாங்குவதற்கு வேண்டிய அளவை முதலில் ஒதுக்கி, இன்னதை ஒரே புள்ளியால் முந்துவதற்கு வேண்டிய வேகத்தைச் சேர்த்து, மீந்ததையே தாக்குதலுக்கு இடுவார். ஒரே அடியின் சேதம் 85 முதல் 100 சதவீதம் வரை மாறக்கூடியதாதலால், அதிருஷ்டத்துக்கு எத்தனை இடம் தருவது என்பதையும் அவர் முன்கூட்டியே நிர்ணயித்துக்கொள்கிறார். 50-ஆம் லெவலில் முதல் நான்கு புள்ளிகளுக்குப் பின் எட்டெட்டாகச் சேர்ந்தாலன்றித் திறன் ஓர் எண் உயராது என்ற நுட்பம், ஓர் அணியை ஆக்கியவர் அதனைச் சிந்தித்து ஆக்கினாரா, பார்த்து எழுதினாரா என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்பிரமாணங்கள் யாவும் ஒருங்கே விளங்கும் இரண்டு அணிகளை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் கொரிய நாட்டவரான செ ஜுன் பார்க் வென்றபோது, கார்சோம்ப், கார்டெவாயர் முதலிய வலியவற்றின் நடுவே பச்சிரிசு என்ற சிறிய மின்சார அணில் அவருடைய அணியில் நின்றது. அதன் அடிப்படைத் திறன்களின் கூட்டுத்தொகை 405, கார்சோம்புக்கோ 600. எனினும் அவ்வணியின் கியாரடோஸ், மெகா என்னும் மேம்பட்ட உருவம் பெறுமுன் நீரும் பறத்தலும் கலந்ததாகையால், மின்சார அடிக்கு நான்கு மடங்கு ஆட்பட்டது. பச்சிரிசுவோ ஃபாலோ மீயால் அந்த மின்சாரத்தைத் தன்பால் ஈர்த்து, வோல்ட் அப்சார்ப் அபிலிட்டியால் அதனைத் தன் உயிராக மாற்றிக்கொள்ள வல்லது. வேறு எந்தப் பெருவீரனும் அந்த இடத்தில் அத்துணைப் பொருந்தியிரான்.

இரண்டாவது, 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்கராகிய வுல்ஃப் கிளிக் வென்ற அணி. 2010 முதல் 2012 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் பெற்ற ரே ரிஸ்ஸோவிடம், அவற்றுள் கடைசி ஆண்டின் இறுதியாட்டத்தில் தோற்றவர் அவர். 2016-இல் பெரும்பாலோர் கிரௌடனையும் ஸெர்னியஸையும் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டிருக்க, அவர் கையோகரையும் ரேக்வாஸாவையும் எடுத்தார். கிரௌடன் கொணரும் கொடிய வெயில் கையோகரின் நீர் மூவ்களைப் பயனற்றனவாக்கும். வானிலையின் வலிமையை அடக்கும் ரேக்வாஸா அந்தத் தடையை நீக்கும். கையோகருக்குப் பகையான மின்சாரத்தை லைட்னிங் ராடால் ஈர்க்க ரைச்சு. இருவர்மீதும் விழும் அடிகளை வைட் கார்டால் மறைக்க ஹிட்மான்டாப். ஸெர்னியஸை எஃகால் தாக்க ப்ரான்ஸாங். அந்த அணியில் எந்த ஒன்றைக் குறித்தும், இது ஏன் இங்கே இருக்கிறது என்று வினவினால், விடை மற்றொன்றின் குறையைச் சுட்டி நிற்கும்.

இக்காலத்தில் வெற்றி பெற்ற அணிகளின் முழு விவரமும் எல்லோர்க்கும் எளிதில் கிட்டுகிறது. ரென்டல் குறியீடு ஒன்றை உள்ளிட்டால் பிறர் ஆக்கிய அணியை அப்படியே எடுத்து ஆடலாம். அதிகாரபூர்வமான பெரும் போட்டிகளில் எதிராளியின் மூவ்களையும் ஐட்டங்களையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் திறந்த பட்டியல் முறையும் வந்துவிட்டது. இவற்றால் கலை நலிந்தது என்று கூறுவோர் சிலர் உளர். அவர்களோடு நான் உடன்படேன். மறைப்பினால் கிடைத்த வெற்றிகள் நீங்கியதால், பொருத்தத்தால் கிடைக்கும் வெற்றிகளே எஞ்சின. நல்ல அணியைப் பார்த்து ஆடுவதும் கல்வியின் முதற்படியே. ஆயினும், இரவல் அணியின் எண்களுக்குப் பின்னுள்ள நியாயத்தை அறியாதவர், அந்த அணி எதிர்பாராத ஒரு போக்கிமானைச் சந்திக்கும் கணத்தில், 45 விநாடிக்குள் முடிவெடுக்க வகையின்றித் திகைப்பார். அமைத்தவர் எண்ணிய பயத்தை எண்ணாதவர்க்கு, அவர் கண்ட பரிகாரமும் புலப்படாது.

ஆதலால் புதிதாய் இவ்வித்தையில் புகும் இளைஞர்களுக்கு ஒரே பயிற்சியைப் பரிந்துரைப்பேன். அணியை எழுதி முடித்ததும், ஆறு இடங்களுக்கும், ஒவ்வோர் இடத்தின் நான்கு மூவ்களுக்கும், ஒரு ஐட்டத்துக்கும் தனித்தனியே காரணம் எழுதுக. அக்காரணம் "இது வலியது" என்று மட்டும் இருக்குமாயின் அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை. "இது இல்லையேல் இன்ன தோழன் இன்ன எதிரியிடம் வீழ்வான்" என்று இருக்குமாயின் நிரம்பிற்று. போட்டியில் தோற்றபின் அக்காரணங்களை மீண்டும் வாசித்து, பொய்த்ததை மாற்றி, பொய்க்காததை வைத்துக்கொள்க. அவ்வாறு செய்பவர் தம் முதல் பட்டத்தைப் பெறுவதற்கு வெகுநாள் முன்னரே, எந்த மரபில் நின்று ஆடினாலும் அம்மரபுக்கு உரியவராகிவிடுவார்.