ஜமாஅத்தும் அடுக்களையும்: சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) பெண்ணின் ஒடுக்கப்பட்ட பாலுணர்வைப் பேசும் புதினமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் ஜமாஅத் என்னும் ஊர் அதிகாரத்தை அது வெறும் பின்புலமாக்கிவிடுகிறது. ஃபாத்திமா இந்து ஆடவன் ஒருவனுடன் ஊரைவிட்டுச் செல்கிறாள். ஜமாஅத்தின் தண்டனை அவளை எட்டுவதில்லை; வீட்டுவேலை செய்து பிழைக்கும் தாய் நூரம்மாவின் மீதே விழுகிறது. ஏழையிடம் சட்டம் விரைந்து செல்லும் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மணவாழ்வை மறுத்துத் தாய்வீடு திரும்பிய ஃபிர்தவ்ஸின் செய்தியோ ஜமாஅத்துக்குப் போவதேயில்லை. அவப்பெயருக்கு அஞ்சிய தாய் அமீனாவே மகளிடம் நஞ்சை நீட்டுகிறாள். அவை கூடாமலேயே தீர்ப்பு நிறைவேறும் இவ்விடத்தில்தான் ஊர் அதிகாரத்தின் முழு வீச்சும் புலப்படுகிறது. அமீனாவைக் கொடிய தாயாக மட்டும் காணும் திறனாய்வு, அவள் யாருக்கு அஞ்சினாள் என்னும் வினாவை எழுப்பத் தவறுகிறது.