மறையும் கணினியும் மறையாத பார்வையும்

கணினியின் எதிர்காலம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அற்பாயுள் கொண்டவை. ஐந்தாண்டுகளுக்குள் அவற்றின் ஆரூடங்கள் பொய்த்துப்போகின்றன. அல்லது மெய்யாகிச் சலித்துப்போகின்றன. இவ்விரு கதிக்கும் ஆளாகாமல் முப்பதாண்டுகளுக்கு மேலாக வாசிக்கப்பட்டு வரும் கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கக் கணினி அறிஞர் மார்க் வைசர், 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 1991 செப்டம்பரில் எழுதிய 'இருபத்தோராம் நூற்றாண்டுக்கான கணினி' என்பதே அது. சுவரிலும் கைக்கடிகாரத்திலும் தெருவிளக்கிலும் கணிப்பொறியைப் பொதிக்க முனையும் இன்றைய ஆய்வுத் துறைகள் அனைத்தும் அதனைத் தம் மூலநூல் போலவே கொண்டாடுகின்றன. மூலநூல் எனும் தகுதியைப் பெற்றுவிட்ட எதனையும் சொல் சொல்லாக நிறுத்தி, அதன் உவமை தாங்குமா, முடிவு முன்கூற்றிலிருந்து பிறக்கிறதா என்று சோதிப்பது நமது கல்விமரபு. அம்மரபின்படியே இக்கட்டுரையை அணுகுகிறோம்.

கட்டுரை சொல்வது யாது?

வைசர் அப்பொழுது கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் கணினி அறிவியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். மேசைமீது அமர்ந்து மனிதனின் முழுக் கவனத்தையும் கோரும் கணினி, வளர்ச்சியின் ஓர் இடைநிலையே என்பது அவரது கொள்கை. முதிர்ந்த தொழில்நுட்பம் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வோடு இழைந்து மறைந்துவிடும் என்கிறார். இதற்கு அவர் தரும் முதல் சான்று எழுத்து. கடைப்பலகையிலும் மிட்டாய் உறையிலும் எழுத்து இருக்கிறது. எழுத்தைப் பார்க்கிறோம் என்ற உணர்வே இன்றி அதன் பொருளைப் பெற்றுக்கொள்கிறோம். இரண்டாம் சான்று மின்மோட்டார். ஒரு காலத்தில் தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே பொறி இருந்தது. பின்னர் ஒரு காருக்குள்ளேயே இருபதுக்கு மேற்பட்ட மோட்டார்கள் ஒளிந்துகொண்டன. ஓட்டுநர் அவற்றை நினைப்பதில்லை.

இவ்வடிப்படையில் அவரது குழுவினர் மூவகைக் கருவிகளைச் சமைத்தனர்: அங்குல அளவுச் சிறு அட்டைகள், தாள் அளவுப் பலகைகள், சுவர் அளவுக் கரும்பலகைகள். ஓர் அறையில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். இவ்வாறு எங்கும் நிறைந்த கணிமை என்பதே அவர் கண்ட எதிர்காலம். இதற்குச் செயற்கை நுண்ணறிவில் புரட்சி எதுவும் தேவையில்லை, கணினி தான் எந்த அறையில் இருக்கிறது என்பதை அறிந்தாலே போதும் என்று அவர் கூறியது கவனிக்கத்தக்கது. கற்பனை உலகுக்குள் மனிதனை இழுத்துச் செல்லும் மெய்ந்நிகர் ஆய்வுகளுக்கு மாறாக, மனிதன் வாழும் உலகுக்குக் கணினியை அழைத்துவர விரும்பினார் அவர். இந்நோக்கின் கண்ணியத்தை முதற்கண் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இருவகை மறைவு

ஆயினும் கட்டுரையின் ஆணிவேரான உவமையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'மறைதல்' என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் கலந்துவிட்டன.

ஒன்றை நன்கு கற்றுத் தேர்ந்தவன் அதைப் பற்றிய பிரக்ஞையை இழக்கிறான் என்பது முதற்பொருள். இந்த மறைவு மனித மனத்தின் இயல்பிலிருந்து வருவது, தொழில்நுட்பத்திலிருந்து அன்று என்று வைசரே தெளிவாகச் சொல்கிறார். எழுத்து இவ்வகையிலேயே மறைகிறது. அலிஃப், பே என்று கூட்டிப் படித்த சிறுவன், ஆண்டுகள் சென்றபின் எழுத்தைக் காண்பதில்லை, கருத்தையே காண்கிறான். இது உழைத்துப் பெற்ற மறைவு.

பொருளையே கண்ணில் படாதவாறு சுவருக்குள் புதைப்பது இரண்டாம் பொருள். மோட்டார் இவ்வகையில் மறைகிறது. இதற்குப் பயன்படுத்துவோரின் கல்வி எதுவும் தேவையில்லை. செய்தவரின் கைத்திறன் போதும்.

வைசர் முதற்பொருளில் தொடங்கி, இரண்டாம் பொருளில் கருவிகளை அமைக்கிறார். இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. கற்றதனால் மறைந்ததை விரும்பிய கணத்தில் மீட்டழைக்கலாம். ஐயம் எழுந்தால் வாசகன் நின்று எழுத்தெண்ணிப் படிக்கிறான், மறுக்கிறான், ஓரத்தில் தன் குறிப்பை எழுதுகிறான். நமது கல்லூரிகளில் ஓதப்படும் நூல்களில் நடுவே மத்னும், அதற்கு ஷரஹும், அதற்கும் மேல் ஹாஷியாவும் அமைந்திருப்பது இதனால்தான். எழுத்து, தன்னைக் கற்றவனுக்குத் தன்னையே திருத்தும் உரிமையையும் கையளித்தது. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் முன்னோர் அரபுத் தமிழை ஆக்கிக்கொண்டபோது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. சுவருக்குள் புதைந்த உணர்கருவிக்கு ஓரம் இல்லை; அதில் ஹாஷியா எழுத இடமில்லை.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. எழுத்தை மனிதன் வாசிக்கிறான். எழுத்து அவனை வாசிப்பதில்லை. வைசர் சித்திரிக்கும் அறையோ நுழைந்தவனை வாசிக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகம் உருவாக்கிய அடையாள அட்டையை அவர் வியந்து எடுத்துக்காட்டுகிறார். அதை அணிந்தவருக்கே கதவு திறக்கும். அவர் இருக்கும் அறைக்கே தொலைபேசி அழைப்பு வரும். பின்னர் 'சல்' என்ற பெண்ணின் ஒரு நாளைக் கதையாகச் சொல்கிறார். அவள் காலையில் சன்னல் வழியே நோக்கும்போது, அண்டை வீட்டார் விடியலில் வந்துபோன தடங்கள் குறிகளாகத் தெரிகின்றன. அதனால் தெருவோடு ஓர் அணுக்கத்தை உணர்கிறாள். காணொளி காட்டப்படுவதில்லை என்று ஆசிரியர் எச்சரிக்கையோடு சேர்த்துக்கொள்கிறார். ஆனால் கதை முழுவதும் பார்ப்பவளின் பக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது. தன் தடம் அயலார் சன்னலில் தெரிவதை எண்ணி அந்த அண்டை வீட்டார் என்ன உணர்ந்தனர் என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை.

நேர்மையோடு ஒன்று கூறவேண்டும். ஆபத்தை வைசர் அறியாதவர் அல்லர். மனிதரை உணரும் நூற்றுக்கணக்கான கணினிகள் ஓர் அறையில் இணைந்தால், இதுவரை உலகம் கண்ட சர்வாதிகாரங்கள் அதன்முன் அற்பமாகத் தோன்றக்கூடும் என்ற பொருளில் அவரே எழுதினார். மறையாக்க முறைகள் உள்ளன, தொடக்கத்திலேயே அவற்றைச் சேர்த்தால் தீர்வு கிட்டும் என்றும் நம்பினார். நமது மறுப்பு அந்த நம்பிக்கையின் மீதே. அதிகாரம் பற்றிய கேள்வியை அவர் பொறியியல் குறையாகக் கண்டார்.

நடந்தது என்ன?

வைசர் 1999-இல், 46ஆம் வயதில் மறைந்தார். பின்வந்தவை அவரது கனவின் பாதியை நிறைவேற்றி, மறுபாதியைத் தலைகீழாக்கின. அவர் வடித்த பலகைகள் வெற்றுத் தாள் போன்றவை. எவர் பெயரும் தாங்காதவை. யாரும் எடுத்துப் பயன்படுத்தி வைத்துவிடலாம். இடத்துக்கிடம் சுமந்து செல்லவேண்டிய பலகை தோல்வியே என்றுகூட எழுதினார். இன்று நம் சட்டைப்பையில் இருப்பது சுமந்து செல்லப்படுவது. உரியவரின் பெயர், எண், முகம் அனைத்தோடும் பிணைக்கப்பட்டது. கவனத்தை விடுவிக்க வேண்டிய கருவி கவனத்தையே வணிகப் பொருளாக்கியது.

கருவி வெளிப்படையாகவும், அதன் பார்வை மறைவாகவும் ஆனதே இக்காலத்தின் முரண். 2017-இல் விசியோ எனும் தொலைக்காட்சி நிறுவனம், 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளின் வழியே மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அவர்தம் இசைவின்றிச் சேகரித்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 22 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

இரண்டாம் நிகழ்வு நம்மை நேராகத் தொடுவது. தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி உலகெங்கும் கோடிக்கணக்கில் பதிவிறக்கப்பட்டது. அதன் பயனாளர் இருப்பிடத் தரவுகள் எக்ஸ்-மோட் எனும் தரகு நிறுவனத்தைச் சென்றடைந்ததையும், அத்தரகர் திரட்டிய தரவுகள் ஒப்பந்ததாரர் வழியே அமெரிக்க இராணுவத்தை எட்டியதையும் 'மதர்போர்டு' செய்தித்தளம் 2020 நவம்பரில் வெளிப்படுத்தியது. இராணுவத்துக்குத் தாம் நேரடியாக விற்கவில்லை என்று மறுத்த செயலியாளர், அத்தரகருடன் உறவை முறித்துக்கொண்டனர். வழிபாட்டுத் தலம் போன்ற நுண்ணிய இடங்களைக் காட்டிக்கொடுக்கும் தரவை விற்கலாகாது என்று அத்தரகருக்கு 2024 சனவரியில் வணிக ஆணையம் தடைவிதித்தது. கிப்லாவை அறிய முகம் திருப்பியவரின் இருப்பிடத்தை வேறொருவர் அறிந்துகொண்டார்.

இங்கே ஒரு தெளிவு இன்றியமையாதது. கிப்லாவின் திசைக்குத் தேவை இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். தொழுகை நேரத்துக்கு அவற்றோடு தேதியும் கணக்கிடும் முறையும். கணக்கீடு கோள முக்கோணவியல். அதனைத் தொலைபேசி தனக்குள்ளேயே செய்துவிடும். தரவு வெளியேறியது கணக்கின் தேவையால் அன்று, வணிகத்தின் தேவையால். கண்ணுக்குத் தெரியாமை அவ்வணிகத்துக்குத் திரையாயிற்று.

ஆய்வுகள் செல்லும் திசை

வைசர் நம்பிய மறையாக்கத் துறை பெரிதும் வளர்ந்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. 2006-இல் சிந்தியா டுவோர்க் முதலியோர், தொகுப்புத் தரவில் அளவறிந்து இரைச்சலைக் கலந்து தனிமனிதரைக் காக்கும் கணிதமுறையை வகுத்தனர். 2020ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது கையாளப்பட்டது. 2009-இல் கிரெய்க் ஜென்ட்ரி, பூட்டிய தரவைத் திறவாமலேயே அதன்மீது எக்கணக்கையும் செய்ய இயலும் என்று காட்டினார். தரவை ஓரிடத்தில் குவிக்காமல், அவரவர் கருவியிலேயே கற்கவைக்கும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் முன்வைத்தனர். இவை போற்றத்தக்க அறிவுச் சாதனைகள்.

எனினும் இவையனைத்தும், திரட்டியதைக் காப்பது எவ்வாறு என்ற கேள்விக்கே விடை தருகின்றன. திரட்டலாமா, யாரைக் கேட்டுத் திரட்டுவது என்ற முந்தைய கேள்வியை எந்தச் சூத்திரமும் தீர்க்காது. பூட்டு எவ்வளவு வலியதாயினும், அனுமதி கேளாது வீட்டினுள் வந்தவரை விருந்தினராக்காது.

அமைதியான கருவிக்கு ஒரு முன்மாதிரி

'அப்படியாயின் அமைதியான தொழில்நுட்பம் என்பதே பொய்க்கனவா?' என்று வினவலாம். அன்று. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசலில் முஅக்கித்தாக, அதாவது நேரங்கணிப்பவராக, இருந்தவர் வானியல் அறிஞர் இப்னுஷ் ஷாத்திர். 1371 வாக்கில் அப்பள்ளியின் மினாராவுக்கென அவர் ஒரு சலவைக்கல் சூரிய கடிகாரத்தைச் சமைத்தார். அதுவும் ஒரு கணிப்பொறியே. நகர மக்கள் அதனை ஏறிட்டுப் பார்க்கவும் தேவையிருக்கவில்லை; பாங்கோசை அவர்களை அடைந்தது. கருவி வாழ்வின் பின்னணிக்குச் சென்றுவிட்டது. வைசர் வேண்டிய மறைவு அதுதான். ஆனால் கல்லில் பொறித்த கோடுகள், அக்கலை கற்ற எவரும் சரிபார்க்கத்தக்கவை. பள்ளிக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று அக்கல் அறிந்ததில்லை.

கல்லையும் கைப்பேசியையும் ஒப்பிடுவது நேர்மையாகுமா என்று கேட்கக்கூடும். பயணியின் கையில் கைப்பேசி தரும் வசதியைக் கல் தராது, இதில் ஐயமில்லை. கருவியின் ஆற்றலை நாம் ஒப்பிடவில்லை. அது யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதையே ஒப்பிடுகிறோம். ஆகவே, இனி மறைந்து வரும் எந்தக் கணினியையும் மூன்று வினாக்களால் சோதிப்போமாக. வேண்டும்போது அதனை மறைவிலிருந்து வெளியே அழைக்க முடிகிறதா? கற்றவர் அதனைச் சரிபார்க்க இயலுமா? அது நமக்குச் சொல்வதை விட நம்மைப் பற்றிப் பிறருக்குச் சொல்வது மிகுதியா?

வைசரின் கட்டுரையை நம் மாணவர்கள் அவசியம் வாசிக்கவேண்டும். ஓரத்தில் எழுதுவதற்கு அதில் நிறைய இடமிருக்கிறது.