கட்டுப்படியாகும் ஸ்போர்ட்ஸ் கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வந்தபோது எட்டாத விலையில் இருந்த கார், பத்துப் பதினைந்து வருடம் கழித்துச் சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கு இறங்கி வந்திருக்கும். இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், கிளட்ச் எதுவும் விலை இறங்கியிருக்காது. வொர்க்‌ஷாப் பில் வரும்போதுதான், தான் வாங்கியது எந்தத் தரத்துக் கார் என்பது புது ஓனருக்கு உறைக்கும்.

1997-இல் வந்த 996 வகை போர்ஷே 911 இதற்கு நல்ல உதாரணம். தண்ணீரால் இன்ஜினைக் குளிர்விக்கும் முதல் 911 அதுதான். இன்ஜினுக்குள் இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் சின்ன பேரிங் இருக்கிறது. அது உடைந்தால் இன்ஜின் மொத்தமும் போய்விடும். எல்லாக் காரிலும் உடைவதில்லை. ஆனாலும் அந்தப் பயமே ரீசேல் விலையைப் பல வருடம் அமுக்கி வைத்தது. அமெரிக்காவில் ஓனர்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. விஷயம் தெரிந்தவர்கள் கிளட்ச் மாற்றும்போதே அந்த பேரிங்கையும் மாற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், கூலி ஒரு முறையோடு போகும். 911 மகத்தான கார். ஆனால் அதை வைத்திருப்பதற்குத் தனியாக ஒரு வருமானம் வேண்டும்.

நான் ஆசையோடு எழுத நினைப்பது மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி. நம் ஊரில் மஸ்டா என்றால் சுவராஜ் மஸ்டா வேனும் லாரியும்தான் நினைவுக்கு வரும். இந்தக் காரை அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் ரோட்ஸ்டர் என்றும் அழைக்கிறார்கள். 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார். பிரிட்டிஷ்காரர்கள் ஒரு காலத்தில் செய்துகொண்டிருந்த எளிய, கூரை திறக்கும், இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரை மஸ்டா செய்ய வேண்டும் என்பதுதான் அது. பிறகு ஹால் மஸ்டாவின் அமெரிக்கக் கிளையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். கலிஃபோர்னியா குழு வரைந்த வடிவம் டோக்கியோ குழுவின் வடிவங்களைத் தோற்கடித்தது. தோஷிஹிக்கோ ஹிராய் தலைமைப் பொறியாளராக நின்று அதை ஓடும் காராக்கினார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகம். அமெரிக்காவில் ஆரம்ப விலை 13,800 டாலர்.

அந்த பிரிட்டிஷ் வரிசையில் வந்த எம்ஜியும் டிரையம்ஃபும் லோட்டஸ் எலானும் ஓட்ட இனிமையான கார்கள். ஆனால் ஆயில் ஒழுகும், மழை பெய்தால் மின்சாரக் கோளாறு வரும், துரு பிடிக்கும். இனிமையை வைத்துக்கொண்டு தொல்லையை மட்டும் கழற்றி எறிய முடியுமா என்பதே ஹிராய் குழுவின் முன் இருந்த கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடையை நான் ஒரு கலைப்படைப்பாகவே பார்க்கிறேன். விடை, எடை.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 மொத்தமே ஏறக்குறைய 950 கிலோ. எடை குறைவு என்பதால் 1.6 லிட்டர் இன்ஜினும் 115 குதிரைசக்தியும் போதுமானதாகின்றன. டர்போ தேவைப்படவில்லை. நிறுத்த வேண்டிய எடை குறைவு, அதனால் பிரேக்குகள் சிறியவை. டயர் 14 அங்குல சக்கரத்துக்கான 185/60. சாதாரணச் சின்னக் கார்கள் போட்டுக்கொள்ளும் அளவு. நாலு டயரும் ஒன்றாக மாற்றினாலும் கை கடிக்காது. மூன்றரை லிட்டர் சொச்சம் இன்ஜின் ஆயில் போதும், 996-க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். சாதாரண பெட்ரோலிலேயே ஓடும், லிட்டருக்குப் பத்து பதினொரு கிலோமீட்டர் கொடுக்கும். மலைப்பாதை வளைவில் காரைத் துள்ளலாகத் திரும்ப வைப்பது எதுவோ, அதுவேதான் வருடக் கடைசியில் செலவுக் கணக்கையும் சுருக்குகிறது. வேறு எந்த ஸ்போர்ட்ஸ் காரிலும் இந்த இரண்டும் இவ்வளவு நெருக்கமாக ஒட்டி நான் பார்த்ததில்லை.

டைமிங் பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 96,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பல இன்ஜின்களில் அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளை வளைத்துவிடும். செலவு ஆயிரக்கணக்கில் போகும். இந்த 1.6 இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் எந்த நிலையிலும் மோதிக்கொள்ளாது. பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான். புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். இது யாரும் விளம்பரத்தில் போட்ட விஷயமல்ல. ஐந்தாவது ஓனரின் பணத்தைக்கூட மிச்சம்பிடித்துத் தந்த வடிவமைப்பு.

அதற்காக இதைச் சிக்கனக் கார் என்று நினைத்துவிடக் கூடாது. கியர் பாக்ஸையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இறுக்கிக் கோத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே பின் சக்கரம் பதில் சொல்லும், நடுவில் தொய்வு கிடையாது. கியர் கம்பி நேராக கியர் பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் மணிக்கட்டை அசைத்தால் போதும், அடுத்த கியர் விழுந்துவிடும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கைக்குக் கிடைக்கும் அந்த உலோகத் தெளிவு, இதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார்களிலும் அபூர்வம்.

வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பகுதியைக் குனிந்து பார்க்க வேண்டும். துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள குழாய்கள் வழியாக அங்கேதான் கீழே இறங்குகிறது. இலையும் தூசியும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, இரும்பை உள்ளிருந்து தின்னும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் பிரிட்டனில் இந்தக் காரின் பெரிய செலவே வெல்டிங்தான். அதே கார் கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் முப்பது வருடம் துருப்படாமல் இருக்கும். ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எந்த ஊரில் ஓடியது என்பதே விலையை அதிகம் தீர்மானிக்கிறது, அது நியாயமும்கூட.

அடுத்து டிக்கியைத் திறக்க வேண்டும். எடையைச் சமமாகப் பங்கிட பேட்டரியை அங்கே வைத்தார்கள், ஆசிட் கசியாத தனி வகை பேட்டரி. யாராவது காசு மிச்சம் பிடிக்க மலிவான பேட்டரியைப் போட்டிருந்தால் ஆசிட் பட்டு அடித்தகடு அரித்திருக்கும். அந்த ஒரு மூலையைப் பார்த்தாலே முந்தைய ஓனர்களின் குணம் தெரிந்துவிடும். 1991 வரை வந்த ஆரம்பக் கார்களில் கிராங்க் தண்டின் முனை சிறியது, அங்கே போல்ட் தளர்ந்தால் தண்டே கெட்டுப்போகும். பானட்டைத் திறந்து கீழே உள்ள புல்லியைப் பார்த்தால் நாலு பிளவு இருக்கும். பின்னால் வந்த பலமான தண்டுக்கு எட்டு. கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர் அவ்வப்போது கசியும், மலிவான பொருள்தான். அதைக் காட்டி விலை குறைக்கலாமே தவிர, அதற்காகக் காரை விட வேண்டியதில்லை.

பிறந்த ஊரில்தான் இந்தக் காரை வைத்திருப்பது கடினம். ஜப்பானில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஷாக்கென் என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. பதின்மூன்று வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கு வருடாந்தர வரியும் ஏறக்குறைய 15 சதவீதம் கூடும். பழைய காரை ஒழித்துப் புதியது வாங்கச் சொல்லும் ஏற்பாடு அது. அப்படியிருந்தும் அங்கே முதல் தலைமுறை ரோட்ஸ்டரை விடாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காக மஸ்டா 2017 கடைசியில் அந்தக் கார்களைப் புதுப்பித்துத் தரும் சேவையைத் தொடங்கியது. கூரைத் துணியையும் நார்டி கம்பெனியின் மரக் கியர் குமிழையும் மறுபடி செய்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் அந்தக் காலத்து டயரையே அதே அளவில் திரும்பத் தயாரித்தது. விற்று முடித்த காரின் டயரைக்கூட மறக்காத கம்பெனியை எனக்குப் பிடிக்கிறது. உதிரி பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ரீசேல் விலைக்கும் முட்டுக்கொடுக்கிறது.

2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 ஹிரோஷிமாவில் தயாரானது. இவ்வளவு செய்த கார் அபூர்வப் பொருளாக முடியாது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆனால் மலிவாகக் கிடைத்த காலத்தில் பந்தயத் திடலுக்கென்று அறுத்தவர்களும் டர்போ பொருத்தியவர்களும் எக்கச்சக்கம். அதனால் கம்பெனி அனுப்பியபடியே இருக்கும் முதல் தலைமுறைக் கார் குறைந்துகொண்டே வருகிறது, விலை ஏறுகிறது. மாற்றங்களுக்குச் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பி வருவதேயில்லை. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை அட்டைப்பெட்டியில் வைத்திருந்து காரோடு கொடுப்பவருக்குக் கொஞ்சம் வரும்.

குறைவாக ஓடி ஷெட்டில் நின்ற காருக்கு அதிக விலை சொல்வார்கள். நான் கொடுக்க மாட்டேன். நிற்கும் காரில்தான் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன, பெட்ரோல் டேங்க் உள்ளுக்குள் துருவேறுகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, பெல்ட் மாற்றிய தேதியும் ஆயில் மாற்றிய பில்லும் வரிசையாகக் கோப்பில் இருக்கும் காரைத்தான் எடுப்பேன், கேட்ட விலைக்கே.