விக்டோரியா ஹாலும் பேசும் நாடகமும்

நவீனத் தமிழ் நாடகத்தின் தொட்டில் என்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலைச் சொல்கிறார்கள். பாங்கு விட்டு சென்ட்ரலுக்கு நடக்கையில் அந்தச் செங்கல் கட்டிடத்தைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். தொட்டில் என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை.

1883இல் அடிக்கல் நாட்டியது ஒரு நகர மண்டபத்துக்கு. ராணியின் 1887 பொன்விழாவையொட்டி அவள் பெயர் வந்தது. வரைந்தவர் ராபர்ட் சிசோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. வெளியே இந்தோ-சாரசெனிக் வளைவுகள், கோபுர உச்சியில் திருவிதாங்கூர்ச் சாயலில் கூரை. உள்ளே, கூட்டம் போடத் தோதான கூடங்கள். 1897இல் விவேகானந்தர் பேசியது இங்கேதான். பிரசங்கம்தான் வீட்டுக்காரன், நாடகம் குடிவந்தது.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையினர் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். கூத்தாடி என்ற வசையிலிருந்து நடிப்பை மீட்டார்கள். சின்னக் காரியமல்ல. ஆனால் கூத்தில் ஜனம் ஆடுபவனைச் சூழ்ந்து உட்காரும். இங்கே வரிசையாக, ஒரே திசை பார்த்து. உடம்பு பின்வாங்கியது, வசனம் முன்னால் வந்தது. பிற்கால சபா நாடகங்களின் சோபா செட்டும் துணுக்குகளும் அந்த நாற்காலி வரிசையின் வாரிசுகள் என்பது என் கட்சி.

பழியைக் கட்டிடத்தின் மேல் மட்டும் போடுவது சௌகரியம். எழுதியவர்களுக்கும் பங்குண்டு. பாங்கு ரிக்ரியேஷன் கிளப் நாடகத்தில் சோபா ஓரம் நின்று வசனம் ஒப்பித்த எனக்கும் உண்டு. 1977இல் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை உடம்பைத் தேடிக் கூத்திடம் போக வேண்டியிருந்தது.

பழைய மண்டபங்களைப் பழுதுபார்க்கையில் சுவரையும் கூரையையும் பற்றியே பேசுகிறோம். உள்ளே நாற்காலிகளை எப்படிப் போடுவது என்பதையும் பேச வேண்டும். நாடகத்துக்கு அதுவே முதல் கேள்வி.